பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு: வாங்குமுன் கேட்க வேண்டியவை

"எனக்காகப் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு ஹஜ்ரத், விற்பதற்காகக் கட்டியதில்லை." வீடு விற்பவர்களின் வாயிலிருந்து இந்தச் சொல்லை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்டவுடன் வாங்குபவரின் மனம் இளகிவிடும். பில்டர் கட்டியது என்றால் கம்பியை எண்ணிப் பார்க்கத் தோன்றும். தன் பிள்ளைகளுக்காகக் கட்டியவர் எப்படிக் குறை வைப்பார் என்ற நம்பிக்கை வந்துவிட்டால், பத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டு முன்பணத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி வாங்கப்பட்ட ஒரு வீட்டின் விவகாரம் நம்மிடம் வந்தது. இடம் ஆரோவிலுக்கும் மரக்காணம் உப்பளங்களுக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஓர் ஊர். வாங்கியவர் வளைகுடாவில் பதினெட்டு ஆண்டுகள் உழைத்துத் திரும்பிய சகோதரர். விற்றவரும் நம் சமுதாயத்தவரே, தொழுகையாளி, ஊரில் நல்ல பெயர் உள்ளவர். வீடு கட்டிப் பத்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. குடிபோன மூன்றாவது ஐப்பசி மழையில், ஜன்னலுக்கு மேலிருந்த சன்ஷேடு ஒரு கை அகலத்துக்குப் பெயர்ந்து, பிள்ளைகள் விளையாடும் இடத்தில் விழுந்தது. அந்த நேரத்தில் அங்கே யாருமில்லை, அல்ஹம்துலில்லாஹ். பொறியாளரை அழைத்துத் தட்டிப் பார்த்தபோது கூரைத் தளத்திலும் இரண்டு பீம்களிலும் கம்பி துருவேறி உப்பியிருந்தது தெரியவந்தது.

விற்றவரைக் கேட்டோம். மனையிலேயே தோண்டிய கிணற்றுத் தண்ணீரில்தான் கலவை போட்டார்களாம். தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும். விற்பதற்கு ஓராண்டு முன்பு ஒரு மூலையில் காரை உதிர்ந்து, பூசி வெள்ளையடித்திருக்கிறார். "ஏன் சொல்லவில்லை?" என்றதற்கு, "அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை" என்றார். அவரை மோசடிக்காரர் என்று சொல்ல நமக்கு நா வரவில்லை. ஆனால் அந்த வீட்டைப் பற்றிய எல்லாத் தகவலும் அவர் ஒருவருடைய நினைவில் மட்டுமே இருந்தது. உரிமையாளரே கட்டிய வீட்டில் ஆபத்து தொடங்கும் இடம் இதுதான்.

பில்டர் கட்டும் குடியிருப்புத் திட்டத்துக்குச் சட்டம் ஓரளவு காவல் வைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் (ரெரா) 14ஆம் பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்து சொன்னால், பில்டர் 30 நாட்களுக்குள் செலவு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். அந்தச் சட்டம் விற்பதற்காகக் கட்டுபவரைப் பற்றியது. தான் குடியிருக்க ஒரு வீடு கட்டி, பிறகு மனம் மாறியோ கடன் வந்தோ அதை விற்பவர் அதற்குள் வரமாட்டார். நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாமே என்றால், ஒருவர் இன்னொருவருக்கு வீட்டை அப்படியே விற்பது 'சேவை' என்ற வரையறைக்குள் அடங்காது என்ற தடை குறுக்கே நிற்கும்.

மிஞ்சுவது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம். அதன் 55ஆம் பிரிவு, விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் "அவருக்கு அது முன்பே தெரியும்" என்பதை நிரூபிப்பது யார்? வாங்கியவர்தான். விற்றவரின் நினைவில் மட்டும் இருந்த ஒன்றை நீதிமன்றத்தில் எப்படி எடுத்து வைப்பது?

அரசு ஆவணங்களும் இப்போது பெரும்பாலும் உரிமையாளரின் சொல்லையே சார்ந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையவழியே உடனே அனுமதி கிடைக்கிறது. யாரும் முன்கூட்டி வந்து இடத்தைப் பார்ப்பதில்லை. இத்தகைய சிறிய வீடுகளுக்குக் கட்டிமுடித்த சான்றும் கட்டாயமில்லை. எளிய மக்களுக்கு அலைச்சல் குறைந்தது, நல்லதே. ஆனால் 'அப்ரூவல் வீடு' என்று விளம்பரத்தில் பார்த்ததும், அதிகாரி ஒருவர் வந்து கம்பியையும் கலவையையும் சோதித்துக் கையெழுத்திட்டார் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த அனுமதி வரைபடத்துக்கு உரியது. சுவருக்குள் இருப்பதற்கு யாரும் சாட்சியில்லை.

உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரும்

இந்தக் கடற்கரையில் வீடு வாங்குபவர் உப்பைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைச் சிமெண்டின் காரத்தன்மை ஒரு மெல்லிய படலம்போல் காத்து நிற்கிறது. உப்பிலுள்ள குளோரைடு உள்ளே போனால் அந்தப் படலம் உடைகிறது, கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் உள்ளிருந்து நெட்டித் தள்ளி கான்கிரீட்டைப் பிளக்கிறது. நாம் சுவரில் காணும் விரிசல் இந்த நோயின் தொடக்கமல்ல. உள்ளே பல ஆண்டுகள் நடந்த வேலை அப்போதுதான் வெளியே தெரிகிறது. அதுவரை வீடு புதிதுபோலவே இருக்கும். விற்பனையும் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

உப்பு மூன்று வழியில் வரும். கடற்காற்று ஒன்று. அது யார் கையிலும் இல்லை. மற்ற இரண்டும், அதாவது மணலும் தண்ணீரும், கட்டியவரின் கையில் இருந்தவை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி (ஐ.எஸ். 456), கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது. கடற்கரைக் காற்றைக் கடுமையான சூழலாக வகைப்படுத்தி, கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உள்ளூர் மேஸ்திரி வைத்துக் கட்டிய வீடுகளில் இந்தக் கனத்தைக் கவனித்தவர் குறைவு. கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைத்தீர்களா, ஜல்லித் துண்டை வைத்தீர்களா என்று கேட்டாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

மணலுக்கும் ஒரு காலக் கணக்கு உண்டு. 2017, 2018 ஆண்டுகளில் தமிழ்நாட்டில் ஆற்று மணலுக்குக் கடும் தட்டுப்பாடு இருந்ததை வீடு கட்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாட்களில் கட்டிய வீடு என்றால், மணல் எங்கிருந்து வந்தது, எம் சாண்டா, ரசீது இருக்கிறதா என்று அவசியம் கேட்க வேண்டும்.

மழையும் புயலும் தனியாகச் சோதித்துப் போயிருக்கின்றன. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2020 நவம்பர் 25 இரவு தொடங்கி மறுநாள் அதிகாலைக்குள் நிவர் மரக்காணத்தை ஒட்டிக் கரையேறியது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தபோது, நகரத்தில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. விற்பவரிடம், "ஃபெஞ்சலின்போது இந்த வீட்டுக்குள் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று நேரடியாகக் கேளுங்கள். அதே கேள்வியைப் பக்கத்து வீட்டாரிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் மனநிறைவு கிடைக்கும்.

வீட்டைப் பார்க்கப் போவதற்கும் நேரம் உண்டு. சித்திரை வெயிலில் எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும். முடிந்தால் அடைமழைக்குப் பின் போக வேண்டும். புதுப் பெயிண்டும் புதிய ஃபால்ஸ் சீலிங்கும் கண்ணில் பட்டால், அவற்றுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்பதில் வெட்கப்படக் கூடாது. தளத்தின் அடிப்பக்கத்தில் கம்பி ஓடும் திசையில் பழுப்புக் கோடு தெரிகிறதா, சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா, சிறு சுத்தியலால் தட்டினால் எங்காவது பொள்ளல் ஓசை வருகிறதா என்று நாமே பார்க்கலாம். மற்றதைப் பொறியாளரிடம் விட்டுவிட வேண்டும். தளத்தின் உறுதியையும் கம்பியின் துருவையும், உடைக்காமலே அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. போர் தண்ணீரை மோட்டார் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் உப்பின் அளவு தெரிந்துவிடும். பல லட்சம் கொடுத்து வாங்கும் வீட்டுக்கு இதெல்லாம் பெரிய செலவல்ல. கல்யாணத்துக்குப் புடவை எடுக்கும்போது நாம் காட்டும் பொறுமையில் பாதி போதும்.

மாடியைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். நம் மக்கள் பலர் தரைத்தளத்தை ஒரு காலத்தில் கட்டி, வெளிநாட்டுப் பணம் வந்தபின் மாடி எடுப்பார்கள். முதலில் போட்ட அஸ்திவாரம் மாடியையும் எண்ணிப் போட்டதா? தூண் எழுப்பிய வீடா, சுவரே பாரம் தாங்கும் வீடா? இரண்டையும் கட்டியது ஒரே மேஸ்திரியா? மேஸ்திரி உயிரோடிருந்தால் அவரையே போய்ப் பார்த்துவிடலாம். எந்தச் சான்றிதழும் சொல்லாததை அவர் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவார்.

ஆரோவில் என்ற பெயர்

'ஆரோவில் அருகில்', 'ஆரோவில் ஸ்டைல் மண் வீடு' என்ற விளம்பரங்கள் இப்போது அதிகம். இதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது உரிமை. 1968இல் தொடங்கப்பட்ட ஆரோவில் நகரத்தின் நிலமும் கட்டடங்களும் 1988ஆம் ஆண்டின் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டத்தின்படி அறக்கட்டளைக்கு உரியவை. அங்கே குடியிருப்பவர் தன் பணத்தைப் போட்டு வீடு கட்டினாலும் அதற்கு அவர் உரிமையாளர் ஆவதில்லை. விற்கவும் முடியாது, வாரிசுக்கு எழுதிவைக்கவும் முடியாது. எனவே அறக்கட்டளையின் வீட்டையே யாராவது "விற்கிறேன்" என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அதே நேரத்தில், அறக்கட்டளை நிலத்துக்கு நடுவிலும் சுற்றிலும் தனியார் பட்டா நிலம் உண்டு. குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, பொம்மையார்பாளையம் போன்ற ஊர்களில் விற்பவர் உண்மையான உரிமையாளராகவே இருக்கலாம். சர்வே எண்ணைக் கொண்டுதான் பிரித்தறிய வேண்டும், விளம்பரத்தைக் கொண்டல்ல. இந்தப் பக்கம் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டமும் புதுச்சேரியும் துண்டு துண்டாகப் பின்னிக் கிடப்பதால், மனை எந்த அரசின் எல்லைக்குள் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பத்திரப் பதிவு அலுவலகமும் கட்டட விதிகளும் அதைப் பொறுத்து மாறும்.

இரண்டாவது மண் வீடு. ஆரோவில் மண் கட்டட நிறுவனம் 1989இல் தொடங்கப்பட்டு, சிறிதளவு சிமெண்ட் கலந்து அழுத்தித் தயாரிக்கும் மண் கற்களில் உலகளவில் பெயர் பெற்றது. எகிப்தின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்ஹி ஏழைகளுக்காக மண்ணில் கட்டிக் காட்டியவர். அவர் பெயரிலான விருது 1992இல் ஆரோவில் பார்வையாளர் மையக் கட்டடத்துக்குக் கிடைத்தது. அந்த வேலை நன்றாக நிற்கிறது. ஏனென்றால் மண்ணைச் சோதித்து, கலவையின் அளவைப் பார்த்து, கற்களைப் போதிய நாட்கள் ஈரத்தில் வைத்துப் பதப்படுத்தி, சுவருக்கு மழை படாமல் கூரையை வெளியே நீட்டிக் கட்டுகிறார்கள். அதைப் பார்த்து ஆசைப்பட்டு, செம்மண் மேட்டுக்குரிய முறையை உப்பளத்தை ஒட்டிய தாழ்ந்த களிமண் நிலத்தில் ஒருவர் தாமாகவே முயன்றிருந்தால், அந்த வீட்டின் நிலை வேறு. கல்லை எங்கே அறுத்தார்கள், எவ்வளவு சிமெண்ட், எத்தனை நாள் நனைத்தார்கள் என்று விற்பவரால் சொல்ல முடியவில்லையென்றால் அந்த 'ஸ்டைலுக்கு' அதிக விலை கொடுக்கத் தேவையில்லை.

கடலையும் கழுவெளியையும் ஒட்டிய மனைகளில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறுக்கிடும். கழுவெளி ஏரி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உப்பளப் பகுதியில் குத்தகைக்கு விடப்பட்ட அரசு நிலமும் உண்டு. மேலும், ஊராட்சித் தலைவர் கையெழுத்திட்ட வரைபடம் மனைப்பிரிவுக்கு அனுமதி ஆகாது. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்பனையான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்தவே 2017இல் தனி விதிகள் வந்தன. அந்த ஆணை இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

பத்திரத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பதிவுச் செலவைக் குறைக்க, கான்கிரீட் தளத்தை ஓட்டுக் கூரை என்றும், மாடியை இல்லாதது போலவும் எழுதுவது. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம் என்பதால் இந்த ஆசை வருகிறது. இது பொய் என்பது ஒரு பக்கம். பிறகு தகராறு வந்தால், இல்லாத மாடியின் குறைக்கு எந்த ஆவணத்தைக் காட்டுவீர்கள்?

வாரிசும் வாய்மொழியும்

நம் குடும்பங்களுக்கே உரிய ஆபத்து ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வாப்பா விட்டுப்போன மனையில் மகன் தன் சம்பாத்தியத்தில் வீடு கட்டுகிறார். வீடு அவருடைய உழைப்பு, உண்மைதான். மனையோ வாப்பா மௌத்தான அந்த நிமிடத்திலேயே உம்மாவுக்கும் சகோதர சகோதரிகளுக்கும் பங்காகிவிட்டது. ஒரு வாரிசு முழுவதையும் விற்றாலும் அவருடைய பங்கு மட்டுமே வாங்குபவருக்குச் சேரும் என்பதே முஸ்லிம் தனிச்சட்டத்தின்படி நீதிமன்றங்களின் நிலையும். "தங்கச்சிக்குக் கல்யாணத்தில் நிறையச் செய்துவிட்டோம், அவள் கேட்க மாட்டாள்" என்பது பங்கைக் கொடுத்ததாக ஆகாது. வெட்கத்தால் வாய் திறக்காதிருப்பது சம்மதமும் ஆகாது. அவர்கள் எல்லோரும் கையெழுத்திட்டுப் பதிவுசெய்த விடுதலைப் பத்திரம் வேண்டும், அல்லது விற்பனைப் பத்திரத்திலேயே அவர்களும் விற்பவர்களாகச் சேர வேண்டும்.

இதேபோல் ஹிபா. முஸ்லிம்கள் வாய்மொழியாகக் கொடுத்து, பெற்று, கைவசம் ஒப்படைத்தால் அன்பளிப்பு நிறைவேறிவிடும் என்பதைச் சட்டமும் ஏற்கிறது. அதனால் "வாப்பா உயிரோடிருக்கும்போதே எனக்குக் கொடுத்துவிட்டார்" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது வில்லங்கச் சான்றில் ஏறாது. முப்பது ஆண்டு வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பி வாங்கியவர், பின்னர் ஒரு சகோதரி வழக்குப் போடும்போதுதான் விழித்துக்கொள்கிறார். வாரிசுச் சான்றையும் பட்டாவில் உள்ள பெயர்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். மனைக்கு அருகில் பள்ளிவாசல், தர்கா, கப்ருஸ்தான் நிலம் இருந்தால் வக்ஃப் வாரியப் பதிவுகளையும் பார்த்துவிட வேண்டும்.

இப்போது "கேட்கவில்லை, சொல்லவில்லை" என்ற பதிலுக்கு வருவோம். ஃபிக்ஹில் இதற்குத் தனிப் பாடமே இருக்கிறது: கியாருல் ஐப், அதாவது குறை கண்டால் வியாபாரத்தை முறிக்கும் உரிமை. வியாபாரிகளின் வழக்கத்தில் விலையைக் குறைக்கும் எதுவும் ஐப். உப்புத் தண்ணீரில் போட்ட தளம் அதில் அடங்கும் என்பதில் சந்தேகமில்லை. தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்கள் உள்ளே ஈரத்தைக் கண்டு, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அந்த வியாபாரி, "மழையில் நனைந்துவிட்டது" என்று உண்மையான காரணத்தைத்தான் சொன்னார். குறை அவர் உண்டாக்கியதல்ல, அதை அடியில் வைத்ததுதான் குற்றமாயிற்று. யாரும் கேட்டார்களா இல்லையா என்ற பேச்சே அங்கே எழவில்லை.

"உள்ளது உள்ளபடி, எல்லாக் குறைகளோடும் வாங்கிக்கொள்கிறேன்" என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால்? ஹனஃபி மத்ஹபில் அத்தகைய நிபந்தனை செல்லும். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி வீடு போன்றவற்றில் அது விற்பவரை விடுவிக்காது. கடற்கரை ஊர்களில் இரு மத்ஹபினரும் கலந்து வாழ்வதால் இதை இரு தரப்பும் தெரிந்துகொள்வது நல்லது. அறிந்தே மறைப்பது ஹராம் என்பதில் இரண்டு மத்ஹபுக்கும் கருத்து வேறுபாடில்லை. வாங்கியவருக்கும் ஒரு கடமை உண்டு. குறை தெரிந்தபின் தாமதிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில், தெரிந்தபின் சும்மா குடியிருந்தால் திருப்பும் உரிமை போய்விடும்.

இதனால்தான் நாம் இப்போது ஆலோசனை கேட்டு வருபவர்களிடம், முன்பணம் கொடுக்கும் முன்பே விற்பவரை உட்காரவைத்து வீட்டின் வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதி வாங்கச் சொல்கிறோம். எந்த ஆண்டு எதைக் கட்டினார், தண்ணீரும் மணலும் எங்கிருந்து, மேஸ்திரி யார், எங்கெல்லாம் ஒழுகியது, எதைப் பூசினார், வெள்ளம் வந்ததா, செப்டிக் டேங்க் எங்கே, போர் எத்தனை அடி, யாருக்கெல்லாம் பங்கு. கீழே அவர் கையெழுத்தும் இரு சாட்சிகளும். பிறகு வழக்கு வந்தால் 55ஆம் பிரிவுக்கு அதுவே ஆதாரம். நேர்மையான உரிமையாளர் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. கம்பிக்கட்டின் போட்டோக்களையும் சிமெண்ட் ரசீதுகளையும் அவராகவே எடுத்துவந்து காட்டுவார். அப்படிப்பட்ட வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம், எந்தப் பில்டரும் அவ்வளவு அக்கறையோடு கட்டமாட்டார்.

அந்தச் சகோதரரின் விவகாரம் ஜமாஅத் அறையில் மூன்று அமர்வுகளில் முடிந்தது. வீட்டைத் திருப்பிக் கொடுக்கும் நிலையில் வாங்கியவர் இல்லை, உள்ளே நிறைய மாற்றிக் கட்டியிருந்தார். எனவே குறையோடு அந்த வீடு அன்று எவ்வளவு போயிருக்கும் என்று இரண்டு பொறியாளர்களிடம் கேட்டு, வித்தியாசத் தொகையை விற்றவர் ஏற்றுக்கொண்டார். நான்கு தவணையில் தருவதாக ஒப்புக்கொண்டு, கடைசித் தவணையை ரமலானுக்கு முன்பே கொண்டுவந்து கொடுத்தார். தளத்தைக் கொத்தி, துருவைச் சுரண்டி, சில கம்பிகளை மாற்றிப் பூசும் வேலை ஐந்து மாதம் நடந்தது. இந்தமுறை கலவைக்கு லாரியில் நல்ல தண்ணீர் இறக்கினார்கள்.